நான்கு விநாடி

உஸ்த்கா கடற்கரையில்
விடியுமுன்பே சுத்தியல் சத்தம்.
காற்றுத் தட்டிகளை மணலில் அறைகிறார்கள்:
கோடு போட்டது, பூப் போட்டது,
பீர் கம்பெனி இலவசமாய்த் தந்தது.
குடும்பத்துக்கு ஒரு துணி நாடு.
எல்லையில் செருப்புகள் காவல்.

பால்டிக் கடல் ஜூலையிலும் முழங்காலைக் கடிக்கும்.
இறங்குகிறவர்கள் அலறுகிறார்கள்.
ஏறியவர்கள், துண்டுக்குள் நடுங்கியபடி,
"அருமை, இறங்குங்கள்" என்று
அடுத்தவரை அனுப்புகிறார்கள்.

நான் முக்காலியை ஊன்றி
கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கிறேன்.
உள்ளே மணல்தான் கூரை.
அதிலிருந்து மனிதர்கள் வௌவாலாய்த் தொங்க
வானம் அடியில் தேங்கிக் கிடக்கிறது.
ஒருவரும் விழவில்லை.
சோளக்கதிர் விற்கிறவன் மட்டும்
தலைகீழாகவே கூவிக்கொண்டு போகிறான்.

"எந்தப் பத்திரிகைக்கு?"
என்று கேட்டாள் கெனோவெஃபா.
ஊதா நீச்சலுடை. தோளில்
போன வாரத்து வாரின் வெள்ளைத் தடம்.
"பத்திரிகைக்கு இல்லை, கலைக்கு" என்றேன்.
சொன்னதும் என் காது சுட்டது.
அவள் என் மரப்பெட்டியைப் பார்த்தாள்,
என் கிழிந்த கால்சட்டையைப் பார்த்தாள்,
பாவம் என்று நினைத்திருக்க வேண்டும்,
எழுந்து வந்து நின்றாள்.

"கையை எங்கே வைக்க?"

இருபது வருடமாய் எல்லோரும் கேட்பது இதைத்தான்.
முகத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.
இரவல் வாங்கிய பாத்திரம்போல
கையைத் தூக்கிக்கொண்டு தவிக்கிறார்கள்.
இடுப்பில் வைத்தாள், எடுத்தாள்,
வயிற்றை மறைத்தாள்,
பிறகு மறைக்காமல் விட்டாள்.
அப்போது திறந்தேன்.

ஒன்று.
கடல் பாலாகத் தொடங்குகிறது.
இரண்டு.
அவள் மூச்சைப் பிடித்திருக்கிறாள்.
மூன்றில் ஒரு காற்று.
எங்கேயோ தட்டி பிய்த்துக்கொண்டு பறக்க
யாரோ யாரையோ திட்டுகிறார்கள்.
நான் எண்ணுவதை விடவில்லை.
நான்கு.

மூடினேன். "ஆயிற்றா?" என்றவள்
குனிந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டினாள்,
ஒற்றைக் காலில், ஒரு கொக்கின் அலட்சியத்தோடு.
அதுதான் படம்.
என்னிடம் அடுத்த பிலிம் இல்லை.

குளிர்காலத்தில் ஸ்வூப்ஸ்க் நகரக் கண்காட்சியில்
நின்றவளைத்தான் மாட்டினேன்.
வந்தவர்கள் இடது ஓரத்துச் சாம்பல் கீற்றை
மூடுபனி என்றார்கள்.
ஒருவர் காலம் என்றார்.
நான் மறுக்கவில்லை, அவர் விலை கேட்டிருந்தார்.

கடைசி நாள், கம்பளிக் கோட்டில், அவள் வந்தாள்.
தன்னைப் பார்க்கவே இல்லை.
நேரே ஓரத்துக்குப் போய்
கண்ணாடியில் விரல் பதித்தாள்.
"ஸெனோன்" என்றாள்.
"தட்டியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான் பாருங்கள்.
முப்பத்தொரு வருடத்தில்
பேருந்துக்குக்கூட ஓடாத மனுஷன்."

பேருந்துக்குக்கூட.
சிரித்தாளா என்று தெரியவில்லை,
கைக்குட்டை நடுவில் இருந்தது.
நான் கேட்கவில்லை.

விலைச் சீட்டைப் படித்து
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.
பிறகு காய்கறிக் கடையில் கேட்பதுபோல்:
"அந்த ஓரத்தை மட்டும் தருவீர்களா?"

வீட்டில் ஒரு சோதனைப் பிரதி இருந்தது.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
தீப்பெட்டி அகலம்கூட வராத சாம்பல்.
உறையில் போட்டு, ஒடியாமலிருக்க
இரண்டு அட்டை வைத்து அனுப்பினேன்.

மிச்சப் பிரதி என் சமையலறைச் சுவரில்.
இப்போது அதில் அவள் கைகள்
எங்கும் வைக்கப்படாமல் தொங்குகின்றன.
ஓரத்து ஓட்டை வழியே
சுவரின் பச்சை தெரிகிறது,
அதில் ஒரு ஆணித் துளையும்.