கதவு 27

முப்பத்தாறு கட்டமாய்ப் பிரிந்த திரையில்
வளாகம் முழுக்க எனக்குத் தெரியும்.
நூலகப் படி, சைக்கிள் கொட்டகை, மருந்தியல் கூடம்,
விடுதி வாசல் மட்டும், உள்ளே பார்க்க அனுமதியில்லை.
ஒரு மூலையில்
பினாங்குப் பாலத்து விளக்குகள் கொஞ்சம்.
யாரும் கேட்காமல் கேமராவுக்குள் வந்துவிட்டவை.

இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை
இந்தக் குளிரில் ஜாக்கெட்டும் நானும்
ஆறிப்போன தே ஓவும்.

செவ்வாய், காலை 6:52.
கதவு 27. பச்சை விளக்கு.
நுழைந்தவர்: முனைவர் சுவா எங் லியோங்.
பதிவேடு அப்படித்தான் சொன்னது.

கேமராவைப் பார்த்தேன்.
அட்டைக் கருவிக்கு மேலே
வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார் முனைவர்.
கழுத்தில் நீலப் பட்டை.
அட்டையைக் கடித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை.
கருவியில் இடித்தார்.
மறுபடி பச்சை.
நுழைந்தவர்: முனைவர் சுவா எங் லியோங்.

முந்தினநாள் கேன்டீனில்
கறிபாப்போடு சேர்த்து அட்டையையும்
பிடுங்கிக்கொண்டு ஓடிய குரங்காம்.
மேலாளர் ஹஸ்ருல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.
காவலுக்கு நிற்கும் நேபாளத்துத் தில் பகதூர்
தான் சல்யூட் வைத்திருக்க வேண்டும் என்றான்.
நானும் சிரித்தேன்.
பாதியில் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை ஒழுங்கு விசாரணைக்கு
ஒரு பெண் வருகிறாள்.
இரண்டாம் ஆண்டு. தேர்வுப் பிரிவில் பகுதிநேர வேலை.
வினாத்தாள் அறை, கதவு 11,
இரவு 11:40, அவள் அட்டை.
அந்தக் கதவின் கேமரா அப்போது
மழைநீர் இறங்கி மூன்று வாரமாகச் செத்துக் கிடந்தது.
பழுது மனு எழுதியது நான்தான்.
இரண்டு முறை.

அட்டை தொலைந்துவிட்டது என்றாளாம்.
எல்லாரும் அதைத்தானே சொல்வார்கள் என்றார்களாம்.
விசாரணைக்கு அச்செடுத்துக் கொடுத்ததும் நானே:
நுழைந்தவர்: லோஷினி த/பெ முரளிதரன்.
ஒரே வரி.
அட்டை நுழைந்தது என்று
அந்த மென்பொருளுக்கு எழுதத் தெரியாது.
பெயரைத்தான் எழுதும்.

நாற்பத்தெட்டு விநாடிக் குரங்கை வெட்டி
பென்டிரைவில் போட்டுக்கொண்டேன்.
படிவம் நிரப்பாமல் ஒரு காட்சியும்
இந்த அறையைத் தாண்டக் கூடாது.
படிவத்தில் குரங்குக்குக் கட்டம் இல்லை.

வியாழன், வேலை முடிந்து, தூங்காத கண்ணோடு
நிர்வாகக் கட்டடம், நான்காம் மாடி.
பெஞ்சில் அவள்.
அவளை எனக்குத் தெரியும்.
கேமரா ஒன்பதில், நூலகப் படியில்,
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து
நெத்திலியை மட்டும் பொறுக்கி
காதறுந்த பூனைக்கு வைப்பாள்.
ஒரு நாள் அழுதாள். கேமராவைத் திருப்ப வழி இருந்தும்
நான் திருப்பவில்லை.
இப்போது நிமிர்ந்து பார்த்து,
கழிவறை எங்கே என்று கேட்கப்படுகிறவளைப்போல
நின்ற என்னை, யாரோ என்று
குனிந்துகொண்டாள்.

கண்ணாடிக் கதவில் என் அட்டையை வைத்தேன்.
சிவப்பு.
துடைத்து வைத்தேன்.
சிவப்பு.
இராத்திரி எல்லாக் கதவையும் திறக்கிற அட்டை
பகலில் இந்த மாடிக்கு ஆகாதாம்.
இந்நேரம் கீழே என் நாற்காலியில்
பகல் வேலைக்காரன் பார்த்திருப்பான்:
மறுக்கப்பட்டவர், என் பெயர், 9:07.

உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.
விரலை மடக்கித்
தட்டினேன்.
அதைப் பதிகிற கருவி
இன்னும் வாங்கவில்லை.