சார்பு

ஒரே பக்கம் என்கிறது விண்ணப்பக் குறிப்பு.
ஓர வெளியை அரை அங்குலமாக்கிவிட்டேன்,
எழுத்தைப் பத்தரைக்கு இறக்கிவிட்டேன்,
இன்னும் இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு வழிகிறது.

பனிச்சறுக்குக் குழு, பள்ளிக்கூடத்தோடு போகட்டும்.
ஃபின்னிஷ் மொழி, ஓரளவு.
மீனுக்கும் உப்புக்கும் மட்டும் சொல் தெரியும், அதுவும் போகட்டும்.
ஏரிக்கரையில் நீச்சல் காப்பாளர், இரண்டு கோடை.
யாரையும் காப்பாற்றவில்லை; யாரும் மூழ்கவில்லை.
"அது சாதனையா, இல்லையா?" என்கிறாள் தோரா,
ஆஸ்பத்திரி இரவு முறை முடிந்து வந்து
சப்பாத்துப் பனி அடுப்படியில் உருக நின்றபடி.

பிறகு இந்த வரி.
டுலூத் நகரம். நோட்டீஸ் சார்பு செய்பவர். இருபத்திரண்டு மாதம்.
நான் பார்த்ததில் சட்டம் தொட்ட வேலை இது ஒன்றுதான்.
எண் போடு, எண்ணுக்குத்தான் மதிப்பு என்கிறார்கள்.
போட்டேன்:
ஆயிரத்து நாற்பது வெளியேற்ற நோட்டீஸ்களைச் சார்பு செய்தேன்.

சார்பு.
யார் சார்பில்?

ஜனவரி. குன்றின் மேல் தெரு.
குளிரில் நாடா ஒட்டவில்லை,
உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தேன்.
கதவு திறந்தது. கையில் முட்டைக் கரண்டியோடு
தோய்வோ ஹாக்கலா.
"உள்ளே வாம்மா, விறைச்சுப் போயிடுவே."
போனேன். அவர் வீட்டுச் சூட்டில் நின்று
அந்த வீட்டைக் காலி செய்யும் தாளைக் கொடுத்தேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்து, விரல் வைத்துப் படித்தார்.
"என் பேர்ல ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கே. பரவாயில்லையா?"
"பரவாயில்லை."
முட்டை கருகும் வாசனை.
'நேரில் பெற்றுக்கொண்டார்' என்று குறித்துவிட்டு இறங்கினேன்.

பரவாயில்லை என்பது சட்டமா
என்று எனக்கு அன்று தெரியாது.
இன்றும் தெரியாது.
தெரிந்துகொள்ளத்தான் போகிறேனோ என்னவோ.

"அதைக் கட்டுரையில் எழுதேன்," என்கிறாள் தோரா,
"அழுதுகொண்டே இடம் கொடுப்பார்கள்."
எழுதலாம்.
அவர் வாசலையும் இழந்து
எனக்கு வாசலாகவும் ஆகவேண்டுமா?

மணி மூன்று. கால்வாயில் தாதுக்கப்பல் ஒன்று
பாலம் தூக்கச் சொல்லி ஊதுகிறது.
எண்ணை அழித்தேன். மாதங்களை விட்டுவைத்தேன்.
செய்தேன், முடித்தேன், சாதித்தேன் என்ற வினைகளில்
எதுவும் பொருந்தாமல்
'கொண்டுபோய்க் கொடுத்தேன்' என்று எழுதினேன்.
நீளமாகிவிட்டது. நீச்சல் குளறுபடியைத் தூக்கினேன்,
மறுபடி வைத்தேன். யாரும் மூழ்கவில்லையே.
ஒரு வரி இன்னும் வழிகிறது.

அனுப்பவில்லை.
மேலே தடித்த எழுத்தில் இருக்கும் என் பெயரை
எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
மார்லிஸ் கெட்டுனென்,
இரண்டாம் முறை, விரல் வைத்து.