வாட்டம்

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு
கூடத்தில் முட்டி போட்டேன்.
மொத்தம் அறுபத்து நான்கு கல்.
தட்டினால் டக் என்றால் சிமெண்ட் பிடித்திருக்கிறது,
டொக் என்றால் உள்ளே வெறும் காற்று.
பதினேழு டொக்.
மகளின் சாக்பீஸால் ஒவ்வொன்றுக்கும்
பெருக்கல் குறி போட்டேன்.

ராணிப்பேட்டையில் என் பிழைப்பும் இதுதான்.
விளக்குக்கு அடியில் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.
ஒரு தையல் விலகியிருந்தால்,
விளிம்பில் பசை மினுங்கினால்,
மஞ்சள் ஸ்டிக்கர், தனிக் கூடை.
தைத்தவள் யாரென்று கேட்பதில்லை.

முனிரத்தினத்தை எனக்குத் தெரியும்,
அதுதான் தொந்தரவு.
பதினோரு நாள் என் கையால் டீ குடித்தவர்.
மூன்றாம் நாள், கேட்காமலே,
என் அரிவாள்மனையைச் சாணை பிடித்துத் தந்தவர்.

"இன்னாக்கா, நல்லாத்தானே கீது?"

சமையல் கட்டிலிருந்து வந்தால்
நான்காவது கல் கட்டைவிரலை இடிக்கும்.
குளியலறையில் ஒரு சொம்பு ஊற்றிக் காட்டினேன்.
தண்ணீர் சல்லடையைப் பார்த்தது,
கொஞ்சம் யோசித்தது,
படி தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டது
டிவி பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

"வாட்டம் எங்கண்ணா?"
"வாட்டம் உட்டுத்தான்கா போட்டேன்.
போகப் போக செட் ஆய்டும்."
எது செட் ஆகும்,
தண்ணீரா, நாங்களா?

அதற்கப்புறம் எட்டு நாள் போன் எடுக்கவில்லை.
கோபிநாத் சொன்னார்: மேட் போட்டு மூடிடலாம், விடு.
சொசைட்டி லோனில் போட்ட தரையை
நூற்றிருபது ரூபாய் மேட்டால் மூடச் சொல்கிறார்.
மீதிப் பணம் ஒன்பதாயிரம் என் பீரோவில்.
அவர் மறந்துபோன ரசமட்டம்
என் மாடிப்படிக்கு அடியில்.
யார் யாரைப் பிடித்து வைத்திருக்கிறோம்?

ஒரு ராத்திரி தூக்கம் வராமல்
அந்த ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன்.
குமிழி நடுவில் நின்றது, சாது போல.
அதே இடத்தில் தலைமாற்றி வைத்தேன்.
ஓரத்துக்கு ஓடியது.
மறுபடி மாற்றினேன். நடு.
மறுபடி. ஓரம்.
பொய் சொன்னது தரை மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, தோப்புக்கானாவிலிருந்து
பாலாற்றுப் பாலம் ஏறி,
கீழே மணலும் முள்ளுமாய் ஆறு கிடக்க,
இரண்டு பஸ் மாறி
மேல்விஷாரத்தில் அவர் வேலை செய்யும் வீட்டைப் பிடித்தேன்.
திட்டுவதற்கு வாக்கியங்கள் தயாராக இருந்தன.
ஒன்றும் சொல்லாமல் அவர் முன்னால் வைத்தேன்.
திருப்பி வைத்தேன்.

குளியலறைக்கு வராத வாட்டம்
அவர் முகத்துக்கு வந்தது.

"மச்சான் வாங்கினு வந்தான்கா, சந்தையில."
விரல் விட்டு எண்ணினார்:
உங்க வூடு, அப்புறம் வாலாஜாவுல ஒண்ணு,
கலவை ரோட்டுல ரெண்டு.
எண்ணி முடித்ததும் விரல்களை
மடக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

டொக்குக்கு ரசமட்டம் காரணம் இல்லை அண்ணா,
அது கலவையை அங்கங்கே அப்பியது, என்றேன்.
தலையை ஆட்டினார்.
"ஆமாக்கா. அது நான்தான்."

வந்தார். பதினேழையும் உடைத்தார்.
குளியலறையைக் கொத்திப் போட்டு
சொம்பு சொம்பாய் அவரே ஊற்றிப் பார்த்தார்.
அதே கல் கடையில் தீர்ந்துவிட்டதால்
ஜன்னலோரம் ஒரு சொட்டு மஞ்சள் கூடுதல்,
மத்தியான வெயிலில் மட்டும் தெரியும்.
நான்காவது கல் டக் கேஸ், அதனால் தப்பித்தது.
அந்த இடத்தில் நாங்கள் காலைத் தூக்கி வைக்கிறோம்,
வருகிறவர்கள் இடித்துக்கொள்கிறார்கள்.

ஆயிரத்து ஐநூறு பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன்.
எண்ணாமல் பையில் வைத்தார்.

போன வாரம் அவரே போன் பண்ணினார்.
"அக்கா, புதுசு வாங்கிட்டேன்.
கடையிலயே திருப்பி வெச்சுப் பார்த்துட்டேன்."
நல்லது என்றேன்.
அந்த மூன்று வீட்டுக்கும் சொன்னீங்களா
என்று நான் கேட்கவில்லை.
அவரும் போனை உடனே வைக்கவில்லை.