மேற்படி

கீழக்கரையில் சங்கு வாணிகம் செய்த ஒரு வீட்டின் மாடியறை.
பேரேடுகள் பதினாறு.
"படம் எடுத்துக்கிடுங்க. எங்க வீட்டுப் பேரு மட்டும்
எதுலயும் வரப்படாது" என்றார் வீட்டுக்காரர்.
சரி என்று
செருப்போடு சேர்த்து அந்தப் பெயரையும் வாசலில் விட்டுவிட்டு
முகக்கவசம் கட்டி உட்கார்ந்தேன்.
கறையான் எனக்கு முன்பே வந்து படித்திருந்தது.

பிங்கள ௵ தை ௴.
சீனி உதுமான், குளிகாரர், முன்பணம் ரூபாய் பதினெட்டு.
அதற்குப் பிறகு அவருக்குப் பெயர் இல்லை.
அரிசி அரை மூட்டை, ௸.
இடுப்புக் கயிறு, ௸.
சங்கு நூற்றுப் பதினொன்று, சிறுத்தது கழித்து
எண்பத்து நாலு, ௸ வரவு.

மேற்படி என்று வாசிக்க வேண்டும்.
ஒரு ஆளைச் சுழித்து எழுதினால்
இவ்வளவு சின்னதாக வருவார் என்று
எனக்குப் பழைய எழுத்து பழக்கிய வகுப்பில்
யாரும் சொல்லவில்லை.

நான்கு ஏடுகள் அவர் பின்னாலேயே போனேன்.
பதினெட்டு முப்பத்தொன்றானது.
கடல் தெளிந்திருந்த ஒரு வருடம் இருபத்திரண்டே காலுக்கு இறங்கி
மறுபடி ஏறியது.
கணினியில் கோடாக வரைந்து காட்டினேன்.
"அலை மாதிரி இருக்கே" என்றார் துறைத்தலைவர்.
அலை வடிந்தால் கொஞ்சம் தரையாவது தெரியும்.

ஐந்தாம் ஏட்டில்
கபன் துணி ஏழு கெஜம், ௸ பற்று.
சாம்பிராணி, பன்னீர், மூன்றணா, ௸ பற்று.
அடுத்த வரி:
மறு பருவத்துக்கு முன்பணம் ரூபாய் ஐந்து, ௸.

யாருக்குத் துணி?
பெண்சாதிக்கா, பிள்ளைக்கா,
தன் கணக்கில் தானே எடுத்துப் போர்த்திக்கொண்டாரா?
கணக்குப்பிள்ளையின் கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.
அந்தப் பருவத்தில் சங்கு முப்பத்தாறுதான்.
மூச்சுப் பழகாத பையனா,
மூச்சு விட்டுப்போன தகப்பனா?

வகுப்பில் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டேன்.
மழை நாள், பாதிப்பேர் வரவில்லை.
மூக்கையூர் ஜெனிட்டா எழுந்து,
கேள்வியாக இல்லாமல், சும்மா சொன்னாள்:
"எங்க போட்டு ஓனரு நோட்டுல இன்னும் அப்பா பேருதான் மேடம்.
அப்பா செத்து ரெண்டு வருசம்.
அண்ணன் கையெழுத்துப் போடுறான்."
ப்ரொஜெக்டரின் விசிறி மட்டும் ஓடியது.
கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன்,
"இது பரீட்சைக்கு வருமா?"
வரும் என்றேன். பத்து மதிப்பெண்.

கொடுத்த வாக்கை மீறவில்லை.
கட்டுரையில் முதலில் 'ஒரு வணிகக் குடும்பம்' என்று எழுதினேன்.
பிறகு வந்த இடமெல்லாம் 'மேற்படி குடும்பம்'.
விரல் தானாகத்தான் தட்டியது.
பார்த்தேன், திருத்தவில்லை.

ஆய்விதழிலிருந்து ஒரே ஒரு திருத்தம் கேட்டிருக்கிறார்கள்:
தரவில் உள்ள குளிகாரர்களின் எண்ணிக்கையைத்
தெளிவாகக் குறிப்பிடவும்.

ஒன்று என்று போட்டேன். அடித்தேன்.
இரண்டு என்றால் ஆதாரம் கேட்பார்கள்;
என்னிடம் இருப்பது ஏழு கெஜம் துணி.

அட்டவணையில் அந்தக் கட்டம் இன்னும் காலி.
பதினாறாம் ஏட்டின் கடைசிப் பக்கத்தில்
௸ பாக்கி ரூபாய் நாற்பத்தொன்று, அணா மூன்று.
கீழே கோடு கிழிக்கவில்லை.