சிவப்பு தொடங்கும் இடம்

திங்கட்கிழமை, காலை ஏழு நாற்பது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வின்னிபெக்கில் இன்றைக்கு
யார் வீட்டு ஃபர்னஸ் நின்றாலும்
எங்கள் தொலைபேசிதான் அலறும்.

சிஆர்எம்மைத் திறந்தேன்.
முகப்புப் பக்கத்தின் நடுவே
இரண்டு வரைபடமும் ஒரு மானியும்
இருக்க வேண்டிய இடத்தில்
சாம்பல் எழுத்தில் ஒற்றை வரி:
இந்த டாஷ்போர்டை இயக்கும் பயனர்
இப்போது செயலில் இல்லை.

பயனர் என்றால் ரெய்னால்டோ.
வெள்ளி மாலை நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள்,
நாலு இருபதுக்குப் போய்விட்டான்.
கார் நிறுத்துமிடத்தில் ஏழாம் எண் மின்கம்பத்தில்
இன்ஜினைச் சூடாக்க அவன் செருகும் ஆரஞ்சு வயர்
இன்னும் தொங்குகிறது,
காரில்லாமல்.

எத்தனை பேர் பார்த்தாலும்
டாஷ்போர்டுக்குக் கண் ஒரு ஜோடிதான்.
யார் பெயரில் அது ஓடுகிறதோ
அவருக்குக் காட்டுவதைத்தான் எல்லோருக்கும் காட்டும்.
மூன்று வருடமாக நாங்கள் பதினாறு பேரும்
அவன் கண்ணைக் கடன் வாங்கியிருக்கிறோம்.
தெரியாது எனக்கு.

கோவல்சுக் பூட்ஸில் பனியை உதறியபடி
தலையை மட்டும் நீட்டினார்.
"எட்டரைக்கு மீட்டிங். அதற்குள் வந்துவிடுமா?"
வந்துவிடும் என்றேன்.
"எண்கள் பெரிதாக இருக்கட்டும்" என்றார்.
எழுத்தளவைச் சொன்னாரா விற்பனையைச் சொன்னாரா,
கேட்பதற்குள் காபி எடுக்கப் போய்விட்டார்.

முதலில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன்.
தாம்ஸன் காணோம். ப்ராண்டன் பாதி.
விற்பனைப் பக்கம் நான் குருடு,
நுகர்வோர் புகார்களில் மட்டும் கழுகு.

அவர் பெயரைப் போட்டேன்.
எல்லாம் தெரிந்தது.
யாருக்கு எத்தனை சதவீதம் கமிஷன்,
யாருக்கு இந்த வருடம் கூடவில்லை,
எல்லாமே.
வாசலில் திருஷ்டிப் பூசணியை மாட்டலாம்,
முதலாளியின் கண்ணையே மாட்டலாமா?
அவசரமாக அழித்தேன்.

அவரவர் கண்ணால் அவரவர் பார்க்கவும் வழி உண்டு,
அதற்கு மேல்தரச் சந்தா கட்ட வேண்டும்.
போன வாரம்தான் ஆளைக் குறைத்திருக்கிறார்கள்.

பட்டியலின் அடியில் ஒருவன் இருந்தான்.
முதல் பெயர் டெஸ்ட்,
குடும்பப் பெயர் டெஸ்ட்.
எப்போதோ சோதனைக்கு யாரோ பெற்றுப்போட்ட பிள்ளை.
அவனுக்கு ஆறு அனுமதிகள் கொடுத்து
டாஷ்போர்டைக் கையில் ஒப்படைத்தேன்.
அவனை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
யாரும் கூப்பிட மாட்டார்கள்.

வரைபடங்கள் உயிர்த்தன.
கடைசியாக மானி.
தராசில் நிற்பதும் முள்,
காலில் தைப்பதும் முள்,
இதில் நடுங்குவதும் முள்தான்.
வாரத்தில் முடித்த ஒப்பந்தங்கள்: முப்பத்து மூன்று.
முள் மஞ்சளில் நின்றது.

மஞ்சளா?
இலக்குத் தாளில் நாற்பதுக்குக் கீழே சிவப்பு.
அமைப்பைத் திறந்தேன்.
சிவப்பின் எல்லை: இருபத்தெட்டு.
மாற்றியவர் ரெய்னால்டோ,
டிசம்பரில் ஒரு திங்கள், காலை ஆறு பன்னிரண்டு.

அந்த வாரம் நினைவிருக்கிறது.
பனிப்புயலில் ஹைவேயை மூடியிருந்தார்கள்.
ப்ராண்டன் ஆட்கள் மூன்று நாள்
ஒரு மோட்டலில் கிடந்தார்கள்.
சாலை திறந்த பிறகும்
எல்லையை அவன் திருப்பி வைக்கவில்லை.
மறந்தானா, இல்லை
திங்கள்தோறும் சிவப்பில் கண் விழிக்க வேண்டாமென்று
எங்களுக்காக விட்டுவைத்தானா?
கேட்க அவன் எண் என்னிடம் இருக்கிறது.
கேட்கவில்லை.

நாற்பது என்று தட்டினேன்.
முள் நகரவில்லை, அதன் அடியில் நிலம் சிவந்தது.
அழித்தேன்.
இருபத்தெட்டு என்று நானே தட்டி
சேமித்தேன்.
வரலாற்றில் இனி அந்த எண்ணுக்கு எதிரே
என் பெயர்.

எட்டரைக்கு கோவல்சுக் திரையைப் பார்த்தார்.
"மஞ்சள். மோசமில்லை" என்றார்.
பிறகு வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசினார்,
நெடுநேரம்.

மதியம் வெளியே போய்
அந்த ஆரஞ்சு வயரைச் சுருட்டப் பார்த்தேன்.
குளிரில் விறைத்திருந்தது.
எவ்வளவு மடக்கியும் மடங்காமல்
கம்பம் இருக்கும் பக்கமாகவே
நீண்டு நின்றது.