அறுபது மில்லி

லீவு முடிய இன்னும் பதினொரு நாள்.
கொதிநீரிலிருந்து போத்தலை இடுக்கியால் எடுத்தேன்,
சத்திரசிகிச்சைக்குத் தயாராகிறவள்போல.
சூப்பி மட்டும் மூன்று விதம்:
புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கியது,
மருந்துக்கடையில் விலையைப் பார்க்காமல் வாங்கியது,
டொரொன்டோவிலிருந்து மச்சாள் அனுப்பியது.
அந்தப் பெட்டியில் எழுதியிருந்தது,
தாயின் மார்பைப் போலவே என்று.

நேயன் அதை நுனிநாக்கால் ஒருமுறை தொட்டான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
இத்தனை வயதில் என்னை யாரும்
அப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

சமன்மலி மிஸ் நிறை பார்க்க வந்த அன்று
போத்தல் அரிசி வாளிக்குள் ஒளிந்திருந்தது.
வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக்கொண்டே
சிங்களம் கலந்த தமிழில் சொன்னா:
"போத்தல் எப்பா மகள். கோப்பையாலே குடுங்கோ."
கோப்பையாலும் கொடுத்தேன்.
கழுத்து குடித்தது, சட்டை குடித்தது,
என் மடி குடித்தது.
அவன் குடிக்கவில்லை.

கறந்து வை என்கிறார்கள் எல்லோரும்.
மாட்டுக்குச் சொல்கிற சொல்.
வேறொன்று தேடினேன்,
விடிய நான்கு மணிக்கு, மெஷின் உறுமிக்கொண்டிருக்க.
கிடைக்கவில்லை.
கறந்து, திகதி எழுதி,
பாரைமீனுக்கும் மாசிச் சம்பலுக்கும் நடுவே வைத்தேன்.

காப்புறுதிக் கம்பனியில் இழப்பீட்டுப் பிரிவு எனக்கு.
உடைந்த கண்ணாடிக்குப் படிவம் உண்டு,
வெள்ளம் புகுந்த கடைக்கு உண்டு.
மேசை லாச்சிக்குள் எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு வந்தேன்.
யாரோ கலைத்திருப்பார்கள்.

ஐந்து நாள் மிஞ்சிய மாலை
கஜதீபன் சொன்னார்:
"நீ நிக்குமட்டும் அவன் குடிக்கமாட்டான்.
வாசம் பிடிக்கிறான். வெளியாலே போ."
துறைமுகத்தில் இரவு வேலை அவருக்கு.
பகலெல்லாம் இனி அவரும் அவனும்தான்.
அறுபது மில்லியை அவர் கையில் கொடுத்துவிட்டு
நாலு மாடி இறங்கினேன். லிஃப்ட் வழமைபோலப் பழுது.
மூன்றாம் மாடியிலும் அழுகை கேட்டது,
இரண்டாம் மாடியிலும்.
ஃபர்ஹானா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து,
ஒன்றும் கேட்காமல் சாத்தினா.

வெள்ளவத்தையில் ஒழுங்கைகள் எல்லாம்
கடலில்தான் போய் முடியும்.
தண்டவாளம் தாண்டிக் கல்லில் இருந்தேன்.
கோட்டையிலிருந்து வந்த ரயிலில்
வாசலெல்லாம் ஆட்கள், கைப்பைகள், வியர்வை.
வருகிற திங்கள் நானும் அதில்.

கடலை வண்டிலுக்குப் பக்கத்தில்
யாருடையதோ பிள்ளை வீரிட்டது.
யாருடையது என்று கேட்காமலே
எனக்குப் பால் இறங்கியது.
சால்வையை இழுத்து மூடிக்கொண்டு
கடல் பார்க்கிறவள்போல இருந்தேன்.

போனில் முதலில்: அழுகிறான்.
பிறகு: இன்னும் அழுகிறான்.
பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.

படியேறும்போது அழுகையும் இல்லை.
அந்த அமைதிக்காகத்தானே இறங்கிப் போனேன்,
அதுவே என்னை ஏன் ஓடவைத்தது?

கதவைத் திறந்தது கஜதீபன்,
என் ஊதாப்பூ நைட்டியில்.
தோளில் பொத்தான் பூட்டமுடியாமல்,
முழங்காலுக்குக் கீழே மயிர்க் கால்களோடு,
உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று.
கையில் வெறும் போத்தல்.
அவர் மார்பில் மூக்கைப் புதைத்து
நேயன் நித்திரை.

சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.
சிரிப்பு முடிந்த இடத்தில்
கொஞ்ச நேரம் நிற்கவேண்டி இருந்தது.
மார்பு இரண்டும் கல்லாய்க் கனத்தன.
கேட்க ஆளில்லாமல்
குசினிக்குள் போய் மெஷினைப் பூட்டினேன்.

நைட்டியைத் தோய்க்கப் போடவில்லை.
ராத்திரி நானே அதைப் போட்டுக்கொண்டு படுத்தேன்,
பால் கசிந்தால் கசியட்டும் என்று.
திங்களுக்குள் அதில்
இன்னும் கொஞ்சம் நான் ஊறவேண்டும்.