ஒன்பது லாரியும் ஒரு பைக்கும்

ராத்திரி ரெண்டேகால் ஆனால்
கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்
மூன்றும் வேறு யாருடையவோ.
மோதிரவிரலில் பாதி எனது.
சுண்டுவிரல் மட்டும் முழித்துக்கொண்டு
மற்றதுகளைப் பார்த்துக் கிடக்கும்.

எழுந்து உட்கார்ந்து உதறுவேன்,
ஈரத்துணியை உதறுகிற மாதிரி.
"மறுபடியுமா?" என்பாள் செங்கொடி, கண் திறக்காமல்.

தொப்பூர் கணவாய்க்கு மேலே
சாலையோரக் கடையில்
பதினாறு வருஷமாகப் பரோட்டா மாஸ்டர்.
நாளுக்கு அரை மூட்டை மைதா.
பிசைந்து, அடித்து, வீசி
மாவு அகண்டது.
உள்ளே என்னவோ குறுகிப்போனது.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா மணிக்கட்டில் தட்டினார்.
விரல் நுனிவரை கரண்ட்.
"இந்தச் சின்ன வழியில
ஒன்பது தசைநாண் போகுது,
கூடவே ஒரே ஒரு நரம்பு."
எனக்கு உடனே விளங்கிவிட்டது:
இறக்கத்தில் ஒன்பது லாரி,
நடுவில் நசுங்கும் பைக்.

"ஆபரேஷனா?"
"ரோட்டை அகலப்படுத்துற வேலைதான் அது.
இப்போ வேண்டாம்.
கையை மடக்காம தூங்குங்க.
வீச்சை வேற ஆளுக்குக் குடுங்க."

வீச்சு இப்போது மாதுவுக்கு.
நான் கல்லில் நின்று
இடது கையால் திருப்பிப் போடுகிறேன்.
முதல் வாரம் கருகினது எண்பத்திமூன்று.
முதலாளி எண்ணினார், நான் எண்ணவில்லை.

படுக்கும்போது தகடு வைத்த பட்டை.
கர்ரென்று அதை ஒட்டிவிட்டுத்
திரும்பிப் படுக்கிறாள் செங்கொடி.

போன வெள்ளிக்கிழமை
விடிகாலை நாலரை வரை தூங்கினேன்.
இருட்டில் பாயைத் தடவினேன்.
நடுவிரலுக்குக் கோரை தட்டுப்பட்டது.
ஆள்காட்டிக்கு
இன்னும் இல்லை.